தனிப்பந்திக்கு ஒரு வசனம்

1857ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் கூடிய டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் சினோடு என்னும் பேரவை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் முதல் பகுதி, புறச்சமயங்களிலிருந்து வந்த விசுவாசிகளை ஏற்கெனவே இருக்கிற சபைகளிலேயே சேர்த்துக்கொள்வது விரும்பத்தக்கது, வேதத்துக்கு இசைந்ததும் அதுவே என்றது. புறச்சமயத்தார் என்று அங்கே குறிக்கப்பட்டவர்கள் கறுப்பின, கலப்பின மக்கள். இரண்டாம் பகுதி இப்படிப் போகிறது: சிலருடைய பலவீனத்தின் காரணமாக இது கிறிஸ்துவின் பணிக்கு இடையூறாகும் இடங்களில், அம்மக்கள் தனிக் கட்டடத்தில் ஆராதித்துக்கொள்ளலாம்.

தீர்மானத்தின் தொனியில் கடுமை துளியும் இல்லை. வேதம் என்ன சொல்கிறது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை மறைக்காமல் முதல் பகுதியிலேயே எழுதி வைத்தார்கள். பிறகு வேதத்திலிருந்தே ‘பலவீனம்’ என்ற கருத்தை எடுத்து, வேதத்துக்கே ஒரு விதிவிலக்கு செய்துகொண்டார்கள். அந்த விதிவிலக்குதான் அடுத்த நூற்றாண்டில் இன ஒதுக்கல் என்ற அரசுக் கொள்கைக்குத் திருச்சபை அளித்த முன்மாதிரியாக நின்றது.

வேதத்தை அறியாதவர்கள் செய்த அநீதியைப் புரிந்துகொள்வது சுலபம். அதை நாள்தோறும் வாசித்தவர்கள், அதற்காக வாழ்வையே கொடுத்தவர்கள், அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு விசுவாசியைப் பந்தியிலிருந்து எழுப்பியது எப்படி? வசனங்களை மனப்பாடம் செய்து வளர்ந்த கிறிஸ்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை வரலாற்றுக் கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

வசனம் அப்படியே இருந்தது

அந்தத் தீர்மானத்துக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் முன், 1829இல், இதே திருச்சபை வேறு முடிவு எடுத்திருந்தது. கலப்பின விசுவாசி ஒருவர் திருவிருந்தில் மற்றவர்களோடு பங்கெடுப்பது குறித்துப் பிரச்சினை எழுந்தபோது, நிறமோ பிறப்போ பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகவே திருவிருந்து வழங்க வேண்டும், கடவுளின் வார்த்தையில் ஊன்றிய இந்த நெறி விவாதத்துக்கு உரியதல்ல என்று அன்றைய சினோடு சொல்லியது.

இரண்டு முடிவுகளுக்கும் இடையில் வேதாகமத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது நாடு. 1834இல் கேப் காலனியில் அடிமைமுறை ஒழிந்தது. கட்டாயப் பணிக்காலமும் 1838இல் முடிந்தது. அடிமைகளாய் இருந்தவர்கள் சுதந்திர மனிதர்களாக ஆலயத்துக்குள் வந்தார்கள். அடிமையோடு ஒரே கூரையின்கீழ் இருப்பதில் எசமானுக்குச் சங்கடம் இல்லை. சமமானவனோடு இருப்பதில்தான் சங்கடம். 1855இல் ஸ்டாக்கன்ஸ்ட்ரோம் சபையின் வெள்ளை உறுப்பினர்கள் தங்களுக்குத் திருவிருந்தைத் தனியாகத் தர வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கைதான் 1857 சினோடு வரை வந்தது. ஜெப வாழ்க்கை பற்றிய நூல்களால் உலகெங்கும் அறியப்பட்ட ஆண்ட்ரூ மர்ரேயின் தந்தை, அதே பெயருடைய மூத்த மர்ரே, முன்மொழிந்த சமரசமே தீர்மானம் ஆயிற்று. நல்லவர்கள் கூடி, நல்ல நோக்கத்தோடு, சண்டை வேண்டாம் என்று எடுத்த முடிவு அது.

சில இடங்களுக்கு என்று தொடங்கிய விதிவிலக்கு சீக்கிரமே வழக்கமாயிற்று. 1881இல் கலப்பின மக்களுக்கென டச்சு சீர்திருத்த மிஷன் திருச்சபை தனியாகவே அமைக்கப்பட்டது. 1948க்குப் பிறகு இன ஒதுக்கல் சட்டமாக வந்தபோது, திருச்சபையிடம் ஆயத்தமான ஓர் உதாரணம் இருந்தது. அதற்குத் துணையாகப் பாபேல் கோபுரக் கதையும், அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தின் 26ஆம் வசனமும் எடுத்துக்காட்டப்பட்டன. அந்த வசனத்தின் முன்பாதி மனித இனம் முழுவதும் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்கிறது. பின்பாதி குடியிருப்புகளின் எல்லைகளைக் கடவுள் வகுத்தார் என்கிறது. ஒதுக்கப்பட்டவர்கள் முன்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒதுக்கியவர்களுக்குப் பின்பாதி போதுமானதாக இருந்தது.

பவுல் யாரிடம் பேசினார்?

‘பலவீனர்’ பற்றிய போதனை பவுலின் இரண்டு நிருபங்களில் வருகிறது. ரோமாபுரி சபையில் சிலர் காய்கறி மட்டும் உண்டார்கள், சிலர் எல்லாவற்றையும் உண்டார்கள். சிலர் நாள் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. கொரிந்துவில், விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்பது சச்சரவு. விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, ஆகவே சாப்பிடலாம் என்று அறிவு தெளிந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்று பவுல் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டபின், உன் சரியான அறிவு உன் சகோதரனின் மனச்சாட்சியை நொறுக்குமானால் அந்த இறைச்சியை விட்டுவிடு என்று அவர்களிடமே கேட்கிறார். தானும் விட்டுவிடுவதாகச் சொல்கிறார்.

கொரிந்து சபையின் சமூக அமைப்பை ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் கெர்ட் தைசன், இந்தச் சச்சரவுக்குள் வர்க்க வேறுபாடும் இருந்தது என்று 1970களில் வாதிட்டார். வசதி படைத்தவர்களுக்கு இறைச்சி சாதாரண உணவு. ஏழைகளுக்கு அது கோயில் விழாக்களிலும் பொது விருந்துகளிலும் மட்டுமே கிடைப்பது. ஆகவே அவர்கள் மனத்தில் இறைச்சியும் வழிபாடும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருந்தன. இந்த விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் முழுதாக ஏற்பதில்லை. ஆனால் அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம் அதற்கு வலு சேர்க்கிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றதைப் பவுல் அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். இப்படி நடப்பது கர்த்தருடைய விருந்தே இல்லை என்கிறார்.

பவுலின் போதனையில் தியாகம் ஒரே திசையில்தான் போகிறது. இடம் உள்ளவன் இடம் இல்லாதவனுக்காகத் தன் வசதியைக் குறைத்துக்கொள்கிறான். 1857இல் பலவீனர் என்று அழைக்கப்பட்டவர்கள் யார்? நிலம் வைத்திருந்தவர்கள், ஆலய நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள், சிறிது காலம் முன்புவரை மனிதர்களை விலைக்கு வாங்கியவர்கள். அவர்களுடைய மனச்சங்கடத்துக்காக விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டவர்கள் முன்னாள் அடிமைகள். போதனையின் எழுத்தில் ஒன்றும் மாறவில்லை. அதன் திசை மட்டும் தலைகீழாயிற்று.

இத்தகைய வாசிப்பைத் தடுக்க வேதத்துக்கு வெளியே போக வேண்டிய அவசியமும் இல்லை. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுலே அந்தியோகியாவில் நடந்ததைச் சொல்கிறார். பேதுரு அங்கே புறஜாதி விசுவாசிகளோடு சேர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் தரப்பினர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி, மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் அப்படியே செய்தார். யாரையும் அவர்கள் சபையிலிருந்து விரட்டவில்லை, திட்டவில்லை, பந்தியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அதற்கே பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்து நின்றார்.

யோசித்துப் பார்த்தால், யூத விசுவாசிகளின் சங்கடத்தைப் பலவீனம் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ள பவுலுக்கு எல்லா நியாயமும் இருந்தது. லேவியராகமத்தின் உணவுச் சட்டங்கள் அவர்கள் பக்கம் நின்றன. தலைமுறைகளின் பழக்கமும் நின்றது. ரோமில் அவ்வளவு பொறுமை காட்டியவர் அந்தியோகியாவில் ஏன் காட்டவில்லை? என் வாசிப்பு இது: ரோமில் கேள்வி, என் இலையில் என்ன இருக்கலாம் என்பது. அந்தியோகியாவில் கேள்வி, என் பக்கத்து இலையில் யார் உட்காரலாம் என்பது. முதலாவதில் நான் எதையாவது விட்டால் சகோதரன் பந்தியில் நிலைக்கிறான். இரண்டாவதில் நான் என் சங்கடத்தைக் காப்பாற்றிக்கொண்டால் அவன் பந்தியை இழக்கிறான். ரோமர் நிருபமும் அந்த நீண்ட ஆலோசனையை, ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கட்டளையில்தான் கொண்டுபோய் முடிக்கிறது. தனிக் கட்டடத்துக்கு அங்கே இடமே இல்லை.

கேப் சினோடில் இருந்தவர்கள் கலாத்தியர் நிருபத்தையும் வாசித்தவர்கள்தான். அவர்கள் கையில் இரண்டு பகுதிகளும் இருந்தன. எதைத் தங்கள் நிலைமைக்கு உரியதாக எடுப்பது என்பதில்தான் பிழை செய்தார்கள்.

தஞ்சாவூர்ப் பந்தி

இந்தக் கதை தமிழருக்கு அந்நியமானதன்று. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளூட்சோவும் தொடங்கிய லுத்தரன் மிஷன், 1733இல் ஆரோன் என்ற வேளாளரைக் குருவாக அபிஷேகம் செய்தது. தஞ்சைப் பகுதியில் அப்போது பறையர் சமூகத்தைச் சேர்ந்த இராஜநாயக்கன் என்ற உபதேசியார் சிறப்பாகப் பணியாற்றி வந்தார். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். தமிழ் நற்செய்தி நூல்களைத் தானே வாசித்து லுத்தரன் சபைக்கு வந்தவர். 1741இல் அடுத்த தமிழ்க் குருவைத் தேர்ந்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. ஆனால் அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள் என்ற தயக்கம் வென்றது. தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். இங்கேயும் சிலருடைய கூச்சத்துக்கு வேறொருவர் விலை கொடுத்தார்.

ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைப் பகுதிகள் இருந்தன. திருவிருந்திலும் முன்பின் வரிசை இருந்தது. ஷ்வார்ட்ஸ் போன்ற மூத்த மிஷனரிகள் இதைக் காலம் சரிசெய்யும் என்று பொறுத்துக்கொண்டார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833 ஜூலையில் எழுதிய சுற்றறிக்கை அந்தப் பொறுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சபைக்குள் சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனே, நிரந்தரமாக விட்டுவிட வேண்டும் என்றார் அவர். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள்.

எதிர்த்தரப்பின் முதன்மைக் குரல் வேதநாயக சாஸ்திரியார். ஷ்வார்ட்ஸின் மாணவர், இரண்டாம் சரபோஜியோடு படித்தவர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ தந்த பெரும்புலவர். புதிய மிஷனரிகள்மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகளைச் சேர்த்துப் படிக்கும்போது கதை சிக்கலாகிறது. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், விழாக்களில் பூக்களை விலக்கினார்கள், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்கக் கட்டாயப்படுத்தினார்கள் என்பன அவை. பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியதில் முழு நியாயம் இருந்தது. இன்று தமிழ் ஆலயங்களில் அவர் பாடல்கள் ஒலிப்பதே அதற்குச் சான்று. நான்காவதையும் அதே பட்டியலில் வைத்ததுதான் துயரம். பண்பாட்டைக் காக்கும் நியாயத்துக்குள் பந்தியைப் பிரிக்கும் அநியாயமும் ஒண்டிக்கொண்டது.

சாதி சமயக் காரியமன்று, உலக மரியாதை மட்டுமே என்று தஞ்சைத் தரப்பு வாதிட்டது. ஐரோப்பியரிடமும் மேல்தட்டு, கீழ்த்தட்டு இல்லையா என்று திருப்பிக் கேட்டது. ஆளும் இனத்தவராய் வந்து தனியே வாழ்ந்த மிஷனரிகளுக்கு அந்தக் கேள்வி சுட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த விவாதத்தில் ஒரு பக்கம் ஆங்கிலேயப் பேராயர், மறுபக்கம் வேளாளப் புலவர். யாருடைய இருக்கையைப் பற்றிப் பேசினார்களோ, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது இவ்விருவர் எழுத்துகளின் இரைச்சலில் நமக்குக் கேட்பதே அரிது. பணக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையைக் கடிந்துகொள்ளும் யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை, அந்தக் காலடியில் இருந்தவர் வாசித்திருந்தால் விளக்கவுரை வேறாக இருந்திருக்கும்.

எண்ணிக்கையும் அன்பும் போதாதபோது

வசனங்களை எண்ணிப் பார்த்து ஒழுக்கக் கேள்விகளைத் தீர்க்கலாம் என்றால், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையின் ஆதரவாளர்களே வென்றிருப்பார்கள். வர்ஜீனியாவின் பாப்டிஸ்ட் போதகர் தார்ன்டன் ஸ்ட்ரிங்ஃபெலோ போன்றோர், முற்பிதாக்களின் அடிமைகள், மோசேயின் சட்டங்கள், எசமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் நிருபங்கள் என்று அடுக்கினார்கள். பவுல் அடிமையான ஒநேசிமுவை அவனுடைய எசமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துக்கொண்டார்கள். தப்பி வந்த அடிமையை எசமானிடம் ஒப்படைக்காதே என்னும் உபாகமம் 23ஆம் அதிகாரமும், மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை விதிக்கும் யாத்திராகமம் 21ஆம் அதிகாரமும் அந்த அடுக்கில் இடம்பெறுவது கடினம். 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று அச்சிட்ட வேதாகமத்தில் எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான வரலாறே வெட்டப்பட்டிருந்தது. எந்தப் பகுதி ஆபத்தானது என்று வெட்டியவர்கள் மிகச் சரியாகவே அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் எழுத்தைக் கடந்து அன்பை அளவுகோலாக வைத்தால் போதாதா? அகஸ்தீன் அப்படித்தான் சொன்னார். கடவுள்மீதும் அயலான்மீதும் அன்பைக் கட்டியெழுப்பாத விளக்கம், வேதத்தைப் புரிந்துகொண்ட விளக்கமே ஆகாது என்பது ‘கிறிஸ்தவப் போதனை’ என்ற நூலில் அவர் தந்த விதி. பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதைவிடச் சிறந்த விதி ஒன்றை நான் அறியேன். ஆனால் அதே அகஸ்தீன், வட ஆப்பிரிக்காவின் தொனாதிஸ்து பிரிவினரை அரசு அதிகாரத்தால் வற்புறுத்தித் திருச்சபைக்குள் கொண்டுவருவதை, லூக்கா 14இன் விருந்து உவமையைக் காட்டி ஆதரித்தார். அதையும் அன்பு என்றே நம்பினார். பிள்ளையைத் திருத்த அடிக்கும் தகப்பனின் அன்பு. அளவுகோல் நல்லதுதான். அதை அடிக்கிறவர் மட்டுமே கையில் வைத்திருந்தால், அடியும் அன்பின் கணக்கில் வரவாகிவிடுகிறது.

காலத்தின் மனச்சாட்சியை நம்பலாம் என்றால், 1933இன் ஜெர்மனி குறுக்கே நிற்கிறது. ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற இயக்கம், புதிய காலத்துக்கு ஏற்ப விசுவாசத்தைப் புதுப்பிப்பதாகவே தன்னைக் கருதியது. அந்த ஆண்டு நவம்பரில் பெர்லினில் நடந்த அதன் பெருங்கூட்டத்தில் பழைய ஏற்பாட்டையே கைவிட வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதற்கு எதிராக 1934 மே மாதம் பார்மெனில் எழுந்த அறிக்கை வேதத்தில் ஊன்றி நின்றது. எழுத்து நம் காலத்தை எதிர்த்து நிற்கும் திறன் உடையது; அந்தத் திறனைக் காலத்தின் விருப்பத்துக்குக் கரைத்துவிட முடியாது.

இயேசு வேதத்தை வாசித்த விதத்திலும் இரண்டு எச்சரிக்கைகளைக் காண்கிறேன். வனாந்தரத்தில் சோதனைக்காரன் 91ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டுகிறான்; வசனம் சொல்லத் தெரிந்திருப்பது எதற்கும் சான்றிதழ் ஆகாது. மத்தேயு 19இல், மனைவியைத் தள்ளிவிட மோசே அனுமதி தந்தாரே என்று கேட்டவர்களிடம், அது உங்கள் இருதயக் கடினத்தின் நிமித்தம் தரப்பட்டது, ஆதியில் அப்படி இல்லை என்கிறார். வேதத்துக்குள்ளேயே சலுகையையும் நோக்கத்தையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். அந்த இடத்தில் சலுகை ஆண்களுக்கு. அதன் விலை பெண்களுக்கு. 1857இன் தீர்மானமும் இதே அமைப்பு உடையது. நோக்கம் இன்னதென்று முதல் பகுதியில் எழுதிவிட்டு, இருதயக் கடினத்துக்குப் பலவீனம் என்று பெயர் வைத்துச் சலுகை கொடுத்தது.

அனுப்பப்பட்டவர்கள் வாசித்தது

1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு, இன ஒதுக்கலை இறையியல் ரீதியாக நியாயப்படுத்துவது தப்பறை என்று அறிவித்தது. அதன் தலைவராக அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர் டச்சு சீர்திருத்த மிஷன் திருச்சபையின் ஆலன் பூசாக். அதே ஆண்டு அந்தத் திருச்சபையின் சினோடு பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986இல் முறைப்படி ஏற்றது. திருச்சபையின் ஒருமைப்பாடு காணக்கூடியதாய் இருக்க வேண்டும், ஒப்புரவை மறுக்கும் போதனையை ஏற்க முடியாது, அநீதி நிறைந்த உலகில் கடவுள் தனிச்சிறப்பாக ஏழைகளின், அநீதி இழைக்கப்பட்டவர்களின் கடவுளாக இருக்கிறார் என்பன அதன் சாரம். 1990இல் ரஸ்டன்பர்க்கில் நடந்த மாநாட்டில் வெள்ளையர் திருச்சபையின் இறையியலாளர் வில்லி யோங்கர் எழுந்து, தன் பெயராலும் தன் திருச்சபையின் பெயராலும் குற்றத்தை அறிக்கையிட்டார்.

இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1881இல் தனிக் கட்டடத்துக்கு அனுப்பப்பட்ட மக்களின் திருச்சபைதான் ஒரு நூற்றாண்டு கழித்து அனுப்பியவர்களுக்கும் சேர்த்து வேதத்தை விளக்கியது. அதே வேதாகமம், அதே கால்வினிய மரபு. வாசித்த இருக்கை வேறு. பெல்ஹார் அறிக்கையோடு இணைந்த கடிதம், இந்தச் சாட்சி தங்களையும் நியாயந்தீர்க்கும் என்று அதை எழுதியவர்களே ஒப்புக்கொள்வதைக் காட்டுகிறது. பாதிக்கப்பட்டவர் சொல்வதெல்லாம் சரி என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அவர்களும் வேதத்தின் முன் நிற்கிறவர்களே. ஆனால் ஒரு விளக்கத்தின் விலையைக் கொடுப்பவரைக் கேட்காமல் எடுத்த முடிவு, சாட்சியை விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு.

ஆகவே இன்று ஒழுக்கம் பற்றி யாரேனும் வசனம் காட்டும்போது, நானே காட்டும்போதும், இரண்டு கேள்விகளை நான் கேட்கிறேன். இந்த விளக்கத்துக்காக எதையாவது இழப்பது யார், சொல்கிறவரா, வேறொருவரா? அந்த வேறொருவர் இதே பகுதியை எப்படி வாசிக்கிறார்? தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களிலும், ஞானஸ்நானம் ஒன்று என்று பாடிவிட்டுச் சாதிக்குள் மட்டுமே வரன் தேடும் குடும்பங்களிலும், நம் ஜனங்கள் இன்னும் பக்குவப்படவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்ற பதிலைக் கேட்கலாம். 1741இல் தரங்கம்பாடி மிஷனின் தயக்கமும் 1857இல் கேப் சினோடின் சமரசமும் இதே பொறுமையைத்தான் கேட்டன. பக்குவப்படாதவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பவுல் கட்டளையிட்டது உண்மை. அந்தப் பொறுமையின் செலவை, பந்தியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் இலையிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.